மைனாவுக்கு வெச்ச மாவு

சித்த நவுந்து உக்காரு கண்ணு. நான் ஒருத்தியே ஒண்ணரை ஆளு, என்ன பண்றது, ஆண்டவன் படைச்சுப்போட்டான். அந்த மஞ்சப் பையை மட்டும் காலுல தள்ளிப்போடாத. அதுல கலெக்டருக்குக் காட்டற சாமான் இருக்குது. ஆமா, திருப்பூர் கலெக்டருக்குத்தான். திங்கக்கெழமையானா மனு வாங்கறாங்கல்ல, அதுக்குத்தான் போறேன். நெலத் தகராறா? அட, அதெல்லாம் இல்ல கண்ணு. மாவுத் தகராறு.

சத்துமாவு. பால்வாடியில கொழந்தைகளுக்கும் முழுகாம இருக்கற பொண்ணுகளுக்கும் பாக்கெட்டு பாக்கெட்டாக் குடுக்கறாங்களே, அது. கோதுமை, கேப்பை, கடலை, வெல்லம் எல்லாம் போட்டு அரைச்சு, அதுக்கு மேல இரும்பு, வைட்டமின்னு கண்ணுக்குத் தெரியாத சத்தெல்லாம் வேற சேர்க்கறாங்களாம். சேர்த்தாங்களா இல்லையான்னுதான் நான் கேக்கப் போறேன். அதுல ஒரு மண்ணும் இல்ல. மாசக்கணக்கா வெச்சும் என்ற மைனா எளைச்சுப்போயிட்டா கண்ணு. இடுப்பெலும்பு ரெண்டும் தனித்தனியாத் தெரியுது. பாலு பாதிக்கு எறங்கிப்போச்சு.

மருமகளா? இல்ல கண்ணு, மைனா என்ற எருமை.

சிரிக்காத. மொதல்ல இருந்து சொல்றேன், அப்பறம் நீயே நாயத்தைச் சொல்லு. திருப்பூர் போயிச் சேர்றதுக்குள்ள முடிச்சுப்போடுவேன்.

எங்களுக்குக் கருங்காட்டுவலசு. என்ற பேரு பாவாத்தாள். பையன் பூபதி, பனியன் கம்பெனியில டெய்லரு. போன வருசந்தான் அவனுக்குக் கலியாணம் பண்ணுனோம். பொண்ணு ஈரோடு டவுனு, கோகிலவாணின்னு பேரு. ஆத்தா இல்லாத புள்ள, சித்தப்பன் ஊட்டுல வளந்தது. வந்தப்பப் பாத்திருக்கோணும் நீ, முருங்கக் குச்சியாட்டம் இருந்தா. வெளுத்த மூஞ்சி. நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும். ஆனா குணம் தங்கம். வாயில வெரலை வெச்சாக் கடிக்கத் தெரியாது. எருமைன்னா மட்டும் அத்தனை பயம். வந்த புதுசுல மைனா ஒரு தும்மல் போட்டதுக்கு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில பாத்திரம் கழுவிட்டு இருந்தவ வாசலுக்கு ஓடியாந்துட்டா, கையில சாம்பலோட.

அப்பறம் முழுகாம ஆனா. நர்சம்மா வந்து வெரல்ல குத்திப் பாத்துட்டு, ரத்தம் எட்டுத்தான் இருக்குது, பதினொண்ணாவது வேணும், இப்பிடியே போனாப் பிரசவத்துல தாங்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பயந்தான். வெளிய காட்டிக்கல. எங்கக்கா ஒருத்தி இருந்தா, பழனாத்தாள்னு. அவளுக்கும் இதே மாதிரி வெளுத்த மூஞ்சிதான். செவத்த பொண்ணுன்னு ஊரே சொல்லும். மொதப் பிரசவத்துலயே போயிட்டா, புள்ளையும் போயிருச்சு. அதை நான் ஆருகிட்டயும் பேசறதில்ல. இப்ப உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்னும் தெரியல. உடு.

அடுத்த நாளே பால்வாடி வளர்மதி டீச்சரு பாக்கெட்டுகளோட வந்துட்டாங்க. "சுடுதண்ணி ஊத்திப் பெசஞ்சு உருண்டை புடிச்சுத் தின்னும்மா, இல்லாட்டிக் கொழுக்கட்டையா வேக வெச்சுத் தின்னு. உனக்கும் ரத்தம் ஊறும், புள்ளையும் நல்லா எடை கட்டும்"னாங்க. எடை கட்டுமா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அந்த முருங்கக் குச்சிக்குள்ள புள்ள எடை கட்டுனா எந்த வழியா வரும்? கத்திதான். அதுலயும் இரும்பு வேறயாம்! இரும்புன்னாச் சூடு, தின்னாப் புள்ள கறுக்காதா? எங்கூட்டுல இருக்கற கறுப்பு பத்தாதா? நான் கறுப்பு, என்ற பையன் கறுப்பு, எங்கூட்டுக்காரரு அந்தி சாஞ்சா இருக்கறாரா இல்லையான்னே தெரியாது, இருமுனாத்தான் கண்டுபுடிக்கோணும். ஈரோட்டுல பொண்ணெடுத்ததே வம்சத்துல ஒண்ணாச்சும் வெளுப்பாப் பொறக்கட்டும்னுதான்.

அதுக்காகச் சத்தை உட்டுற முடியுமா? எட்டுன்னு சொல்லிட்டாங்களே. ராத்திரியெல்லாம் யோசனை பண்ணுனேன். விடியறப்பப் புத்தி வந்துச்சு. மாவை இவ நேரா தின்னாத்தானே சூடு? அதையே மைனா வவுத்துல போட்டுப் பாலாக் கறந்து குடுத்தா? சூடு மைனாவோட நின்னுரும், சத்து மட்டும் வடிகட்டி வந்துரும். எருமை வவுறு இரும்பையும் செரிச்சுப்போடும். பாலு வெளுப்பு. வெளுப்பைக் குடிச்சாப் புள்ள கறுக்குமா? நீ படிச்ச புள்ளையாட்டம் இருக்கற, நீயே சொல்லு.

திருட்டுத்தனம்னு நெனச்சராத. டீச்சரே சொன்னாங்க, பால் குடுக்கற தாய்மாருக்கும் இந்த மாவுதான்னு. மைனா பால் குடுக்கற தாய்தானே? கன்னு போட்டு அப்ப ரெண்டு மாசங்கூட ஆகல. ரெண்டு காலு இருக்கறவளுக்குத்தான்னு பாக்கெட்டுல எங்கியாச்சும் அடிச்சிருக்குதா?

மொதல்ல நானே என்ற கையால கரைச்சு வெச்சேன். அட அட அட! தாழியில மூக்கை உட்டவ எடுக்கவே இல்ல. அடியை நக்கி நக்கி, தாழி கழுவுனாப்புல ஆயிருச்சு. நாலஞ்சு நாளுல பாலு அப்பிடியே பொங்குச்சு. சொசைட்டியில பால் அளக்கறவன், "ஏனுங்கக்கா, எருமையை மாத்திட்டீங்களா"ங்கறான். கோகிலாவுக்குக் காலையில ஒரு சொம்பு, பொழுதோட ஒரு சொம்பு, மீதிதான் சொசைட்டிக்கு. எனக்கு அப்பிடி ஒரு நிம்மதி.

அது ஆருக்குப் பொறுக்கலியோ, கண்ணு பட்டுருச்சு. சாணியில வழுக்கி உழுந்து முட்டி பூசணிக்காயாட்டம் வீங்கிப்போச்சு. கட்டல்ல படுத்துட்டு, மைனாவுக்கு ஆரு வெப்பாங்கன்னு நான் பொலம்பறேன். இந்தப் புள்ள வந்து நிக்குது. "நீங்க எந்திரிக்காதீங்கத்தை, மைனாவை நான் பாத்துக்கறேன்"ங்குது. எருமை தும்முனாலே ஓடுன புள்ள! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "மாவு மைனாவுக்குத்தான் வெக்கோணும் அம்மிணி, மறந்துராத. நர்சம்மா குடுத்த மாத்திரையையும் நுணுக்கி அதுலயே போட்டுரு"ன்னேன். அதுவும் இரும்புதான, கறுப்புச் சமாசாரம். "சரிங்கத்தை"ன்னுட்டா. எதுத்துப் பேசவே தெரியாது.

அன்னையில இருந்து எருமை கட்டற சாளையே அவளுக்குக் கோயிலு. உள்ள போனாக் கதவைச் சாத்திக்குவா. ஏனம்மிணின்னு கேட்டா, "ஆராச்சும் பாத்தாக் கண்ணு பட்டுரும்ங்கத்தை, ஆளுக இருந்தா மைனாவும் திங்கறதில்ல"ங்குவா. எனக்கு அது நாயமாத்தான் பட்டுச்சு.

மொதல்ல சுடுதண்ணி கேட்டா. பச்சைத் தண்ணியில கரைச்சா மைனாவுக்குச் சளி புடிக்குதாம். சரின்னேன். அப்பறம் நெய்யி கேட்டா. எருமைக்கு எதுக்கு அம்மிணி நெய்யி? "மாவு தொண்டையில ஒட்டிக்குதுங்கத்தை, மைனாவுக்கு விக்கலெடுக்குது"ன்னா. எருமை விக்கி நான் பாத்ததில்ல. ஆனா நான்தான் சாளைப் பக்கம் போயே ஒரு மாசமாச்சே, புதுசா வந்திருக்கும்னு குடுத்தேன். அதுக்கப்பறம் ஒரு நா, "கொழுக்கட்டையா வேக வெச்சுக் குடுத்தா நல்லாச் செரிக்கும்ங்கத்தை"ன்னு சொல்லிட்டு இட்டிலிப் போசியைத் தூக்கிட்டுச் சாளைக்கே போயிட்டா. அங்க எருமைக்குத் தண்ணி காய வெக்கற அடுப்பு இருக்குது.

எருமைக்குக் கொழுக்கட்டை வெச்ச ஊடு ஒலகத்துலயே எங்கூடாத்தான் இருக்கும். நான் கட்டல்ல உக்காந்துட்டே தேங்கா துருவிக் குடுப்பேன், ஏலக்கா தட்டிக் குடுப்பேன், அந்த முட்டி வலியோட! சாளையில இருந்து அவ வெளிய வந்ததும், "மைனாவுக்குப் புடிச்சுதா அம்மிணி"ன்னு கேப்பேன். "நெம்பப் புடிச்சுதுங்கத்தை. நாளைக்குத் தேங்கா இன்னங் கொஞ்சம் போட்டாத் தேவலைங்குது"ன்னு சொல்லுவா. எருமை பேசுமான்னு நீ கேப்ப. பாசமா வளத்தா எல்லாம் பேசும் கண்ணு.

எங்கூட்டுக்காரரு இருக்கறாரே, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுனாப் பெரிசு. அவரு ஒரு நா சொல்லாமக் கொள்ளாமக் கதவைத் தொறந்துட்டு உள்ள போயிட்டாரு. ஐயையோ, மைனா திங்கறப்பப் போயிட்டாரேன்னு எனக்கு இங்க பதறுது. நெம்ப நேரங்கழிச்சு வாயைத் தொடைச்சுட்டு வர்றாரு. "மைனா தின்னாளா"ன்னேன். "ம்"னாரு. அப்பறம் அவராவே, நான் கேக்காமலேயே சொல்றாரு, "எருமைக்கு வெல்லம் பத்தல"ன்னு. அதுக்கப்பறம் தெனமும் அவரும் சாளைக்குப் போயிருவாரு. வயசான காலத்துல எருமை மேல ஒரு புடிப்பு.

இதுக்கு நடுவுல டீச்சரு வேற திடுதிப்புனு வந்து நின்னாங்க. "மாவு திங்கறாளா பாவாத்தாக்கா"ன்னாங்க. "தெனமும் நெய்யி ஊத்திக் கொழுக்கட்டை பண்ணித் திங்கறாளுங்க"ன்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன். சர்க்காரு வேலையில இருக்கறவங்ககிட்ட! அவிய நம்போணுமேன்னு, கோகிலாவைக் கூப்புட்டு, மைனாவுக்கு வெச்சிருந்ததை எடுத்தாந்து டீச்சரு முன்னால தின்னு காட்டுன்னு கண்ணைக் காட்டுனேன். பாவம் கண்ணு, என்ற மானத்தைக் காப்பாத்தறதுக்கு, புடிக்காட்டியும் மூச்சு உடாம நாலு தின்னா. நடிகை தோத்துப்போவா.

இத்தனை பண்ணியும் பாலு எறங்குது. எறங்குதுன்னா அப்பிடி எறங்குது. பக்கத்தூட்டு ரங்காத்தா மேலதான் எனக்குச் சந்தேகம், அவ பார்வையே சரியில்ல. மொளகா சுத்திப் போட்டேன். கேக்கல. மாட்டு டாக்டரைக் கூட்டியாந்தேன். பூச்சியா இருக்கும்னு மருந்து ஊத்துனாரு. "தீனி என்ன வெக்கறீங்க"ன்னாரு. சோளத்தட்டு, தவுடு, அப்பறம் நெய்யி ஊத்துன கொழுக்கட்டைன்னேன். அந்தாளு ஊசியைக் கையில வெச்சுட்டு, எனக்குப் போடறதா மைனாவுக்குப் போடறதான்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு நின்னாரு.

மைனாவும் என்னையைக் கண்டாக் கத்துவா, ஏதோ பிராது சொல்றாப்புல. ஆனா கோகிலான்னா உசுரு. அவளைப் பாத்தாக் கையை நக்குவா, முந்தானையை நக்குவா, வாய்க்கிட்டயே மூக்கைக் கொண்டு போயி மோந்து மோந்து பாப்பா. வாயில்லாச் சீவனுக்கு எத்தனை பாசம் பாரு.

அவளுக்கென்ன, அவ ஜம்முனு இருக்கறா. கன்னம் ரெண்டும் தக்காளியாட்டம் ஆயிருச்சு. வளைகாப்புக்கு எடுத்த வளையலு ஒண்ணுகூட ஏறல, கடையில போயி மாத்திட்டு வந்தோம். போன வாரம் ரத்தம் பாத்தாங்க. பதினொண்ணரை! நர்சம்மாவே நம்பாம இன்னொருக்கா குத்திப் பாத்தாங்க. "என்னம்மா சாப்புட்ட"ன்னு கேட்டா, இது தலையைக் குனிஞ்சுட்டு, "எல்லாம் அத்தை கையால துருவித் தட்டிக் குடுத்ததுதானுங்க"ங்குது. துருவிக் குடுத்தது எருமைக்கு! பயத்துல ஒளறுது, பாவம். நான் பொடக்காளிக்குப் போயி, ஆரும் பாக்காம அழுதுட்டு வந்தேன் கண்ணு. சந்தோசந்தான். பழனாத்தா நெனப்பும் வந்துருச்சு.

ஆனா யோசிச்சுப் பாரு. எளைச்ச எருமை குடுத்த பாலுக்கே பதினொண்ணரைன்னா, மாவு ஒழுங்கா இருந்து மைனா நெறையக் கறந்திருந்தா இருவதுக்குப் போயிருக்காதா? ஆரோ நடுவுல சத்தை உருவிட்டு வெறும் மாவைக் கட்டி அனுப்பறாங்க. அதான் மனு.

அதுல ஒரு சிக்கலு இருக்குது. எருமைக்கு வெச்சேன்னு எழுத முடியாது. மருமக தின்னா, ஒடம்புல ஒட்டவே இல்லைன்னுதான் எழுதோணும். அவளைக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்? நம்ம கேசுக்கு அவதான் எதிர்ச்சாட்சி. வாசப்படியில நின்னாலே வாசல் நெறைஞ்சுரும். அதான் ஊட்டுலயே உட்டுட்டு, இருந்த பாக்கெட்டு பூராத்தையும் இந்தப் பையில அள்ளிப்போட்டுட்டு வந்தேன். காலையில கெளம்பறப்ப வாசல்ல நிக்கறா. "எல்லாத்தையுமா எடுத்துட்டுப் போறீங்கத்தை? ஒண்ணாச்சும் வெச்சுட்டுப் போங்க, மைனா பசியோட இருப்பா"ங்குது. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு. எட்டு மாசம் முடிஞ்ச வவுத்தைத் தூக்கிட்டு நின்னு, ஒரு எருமைக்காக அழுகுது கண்ணு அந்தப் புள்ள!

என்னது? சத்தமாச் சொல்லு, ஆரன் அடிக்கறான்.

மைனா கொழுக்கட்டை தின்னதை நான் கண்ணால பாத்தேனாவா? எப்பிடிப் பாக்கறது? கதவுதான் சாத்தியிருக்குமே. முட்டி சரியாகி நான் நடமாட ஆரம்பிச்சும் மாசமாச்சு, ஆனா கண்ணு பட்டுரும்னு தீனி வெக்கற நேரத்துல நான் எட்டிப் பாக்கறதில்ல. உள்ள மைனாவும் அவளுந்தான். அப்பறம் எங்கூட்டுக்காரரு. அவரு போனா, வாயைத் தொடைச்சுட்டு...

இரு. இரு கண்ணு.

விக்கலு. நெய்யி. தேங்கா இன்னங் கொஞ்சம் போட்டாத் தேவலைன்னுது. எருமை அவ வாயை மோந்து மோந்து...

அடிப் பாதகத்தி!

வாயில வெரலை வெச்சாக் கடிக்கத் தெரியாதுன்னு இப்பத்தான உன்கிட்டச் சொன்னேன்! நோகாம நொங்கு திங்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன், நொங்கை நானே சீவி நானே ஊட்டியிருக்கறேன் கண்ணு, வீங்குன முட்டியோட! டீச்சரு முன்னால மூச்சு உடாமத் தின்னாளே, அது நடிப்பே இல்ல! அந்த மனுசன்! நாலு வார்த்தை பேசமாட்டாருன்னு சொன்னேனே, வாயில கொழுக்கட்டையை வெச்சுட்டு எப்பிடிப் பேசுவாரு? வெல்லம் பத்தலையாமா வெல்லம்! மைனா, என்ற தங்கமே, நீ பிராதுதான் சொல்லியிருக்கற. நான் உனக்குப் பூச்சி மருந்து ஊத்துனேன். அந்த ரங்காத்தா மேல வேற பழியைப் போட்டு, அவ ஊட்டுப் பக்கமாத் திரும்பி நின்னு மொளகாயைக் கொளுத்துனேனே.

நீ சிரி, நல்லாச் சிரி. எனக்கும் சிரிப்பாத்தான் வருது. சிரிப்பா அழுகையான்னு தெரியல, ரெண்டும் ஒட்டுக்கா வருது. அந்த முந்தானையைக் குடு, சித்த மூஞ்சியைத் தொடைச்சுக்கறேன். ஓ, உன்றதா? பரவால்ல இரு.

இத்தனை நாளா என்னைய எதுத்து ஒரு வார்த்தை சொல்லல கண்ணு அவ. வேண்டாம்னு சொல்லல, குடுங்கன்னு கேக்கல, என்ற கையாலயே வாங்கித் தின்னு பொழைச்சுட்டா. எங்கக்காவுக்கு அப்பிடி ஒரு சாளை இருந்திருந்தா... கதவைச் சாத்திட்டுத் திங்கறதுக்கு அவளுக்கும் ஒரு எடம் இருந்திருந்தா.

ஐயோ, பாக்கெட்டு! பாக்கெட்டு பூரா இங்க இருக்குதே! இன்னைக்கு அவளுக்கு ஒண்ணுமில்லையே! அதுக்குத்தான் வாசல்ல நின்னு அழுதிருக்கறா, மைனா பசியோட இருப்பாளாம்! அடேய் கண்டக்டரு தம்பி, நிறுத்துப்பா! படியூர் ஸ்டாப்புலயே எறங்கிக்கறேன். டிக்கெட்டு திருப்பூருக்கு எடுத்தா என்ன, எறங்கக் கூடாதா? எதுத்தாப்புல வர்ற வண்டியில திரும்பிப் போறேன். அந்தப் பையை எடுத்துக் குடு கண்ணு. பாத்து, அலுங்காம.

கலெக்டரா? அவருக்கு ஆயிரம் சோலி, அவரு பாட்டுக்குப் பாக்கட்டும்.

அவகிட்ட ஒண்ணும் கேக்கமாட்டேன். கேட்டா வெக்கப்பட்டுட்டுத் திங்கறதை நிறுத்திப்போடுவா. மைனாவுக்குன்னே சொல்லித் துருவிக் குடுக்கறேன், கதவைச் சாத்திக்கட்டும். நெய்யைக் கொஞ்சம் தூக்கலாவே ஊத்தறேன். அந்த மனுசனோட பங்கைத்தான் நிறுத்தோணும். மைனாவுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிட்டுப் போறேன், அவளும் பாவம்.

என்னது? கறுப்பாப் பொறந்தாவா? பொறக்கட்டும் போ கண்ணு, தாயும் புள்ளையும் உசுரோட வந்தாப் போதும். அந்தி சாஞ்சா, அழுகற சத்தத்தை வெச்சு எங்க கெடக்குதுன்னு கண்டுபுடிச்சுக்கறோம்.